லெமன் சோடா ஏன் பொங்குது? எலுமிச்சைச் சாறைத் தெளியவைப்பதும் வீட்டில் கேஸ் ஏற்றுவதும்

போன எபிசோட் முடிவுல, கோடைக்கு ஏத்த மாதிரி ஒரு சமையலறை அறிவியல் பேசலாம்னு சொல்லியிருந்தேன். இன்னைக்கு அதுதான். விஷயம் லெமன் சோடா.

வெளிநாட்டு காக்டெயில் பார்கள்ல, எலுமிச்சைச் சாறைக் கண்ணாடி மாதிரி தெளியவைச்சு, அதுக்கப்புறம் மொத்த பானத்துக்கும் கேஸ் ஏத்துற ஒரு முறை இருக்கு. நியூயார்க்ல பார் நடத்தின டேவ் ஆர்னால்ட் 2014-ல் வெளியிட்ட 'லிக்விட் இன்டெலிஜென்ஸ்' புத்தகத்துல இதை விரிவா எழுதியிருக்கார். அதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது பார் இல்ல, எங்க சித்தப்பாவோட பெட்டிக்கடை. சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவுல கீரப்பாளையத்துல இருக்கு. ஏப்ரல், மே மாசத்துல அந்தக் கடை ஓடுறதே லெமன் சோடாவாலதான்.

சித்தப்பாவுக்கு ரொம்ப நாளா ஒரு சிக்கல். கடையில ஒவ்வொரு கிளாஸா போட்டுக் கொடுக்கிறது சுலபம். ஆனா கல்யாண வீட்டுல இருந்து இருநூறு கிளாஸ் வேணும்னு கேட்டா முடியாது. முன்கூட்டியே கலந்து வச்சா கேஸ் போயிடுது. அதனால அந்த ஆர்டர் எல்லாம் பவுடர் கலக்கிக் கொடுக்கிற கேட்டரிங் ஆளுங்களுக்குப் போயிடுது. "இதுக்கு உன் இன்ஜினியரிங்ல வழி இருக்காடா?"ன்னு கேட்டார். இருக்கு. ஆனா முதல்ல கேஸ் ஏன் போகுதுன்னு புரியணும்.

சோடாவுல இருக்கிறது கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணியில எவ்வளவு கரையும்ங்கிறதை ரெண்டு விஷயம் தீர்மானிக்குது: அழுத்தம், குளிர்ச்சி. அழுத்தத்தை ரெண்டு மடங்காக்கினா கரையுறதும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். ஹென்றி விதின்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. குளிர்ச்சிக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். சாதாரண காற்றழுத்த அளவுல, ஒரு லிட்டர் தண்ணி 0 டிகிரியில சுமார் 3.3 கிராம் கேஸைப் பிடிச்சு வைக்கும். 30 டிகிரியில சுமார் 1.3 கிராம்தான். நம்ம ஊர் மே மாச மதியத்துல வெளியில வச்ச சோடா பாட்டிலைத் திறந்தா ஏன் சீறுதுன்னு இப்போ புரியும். உள்ள தங்க இடம் இல்லாத கேஸ், கதவு திறந்ததும் ஓடுது.

கோலி சோடா பாட்டில் இந்த அழுத்தத்தையே பூட்டா மாத்தின ஐடியா. 1872-ல் ஹைரம் காட்ங்கிற ஆங்கிலேய இன்ஜினியர் காப்புரிமை வாங்கினது. பாட்டிலைத் தலைகீழா வச்சு நிரப்புவாங்க. உள்ள இருக்கிற கேஸே கோலியைத் தள்ளி, வாய்ப்பக்கம் இருக்கிற ரப்பர் வளையத்துல அழுத்திப் பிடிச்சுக்கும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம்.

சரி, திறந்தாச்சு. இப்போ கேஸ் வெளியே வரணும்னா குமிழி உருவாகணும். குமிழி வெறும் தண்ணிக்கு நடுவுல அவ்வளவு சுலபமா பிறக்காது. அதுக்கு ஒரு புள்ளி வேணும்: தூசி, கிளாஸோட கீறல், நார், உப்புக் கல். எலுமிச்சைச் சாறுல மிதக்கிற சதைத் துணுக்கு ஒவ்வொண்ணும் அப்படி ஒரு புள்ளிதான். லெமன் சோடாவுல ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் நுரை கிளாஸ் விளிம்பு வரைக்கும் பொங்குமே, அந்த நேரத்துல நீங்க காசு கொடுத்து வாங்கின கேஸ் காத்துல போயிட்டு இருக்கு.

பன்னீர் சோடாவைப் பாருங்க. அதுல துணுக்கே கிடையாது. பாட்டில்லயே அடைச்சு வருது, கிளாஸ்ல ஊத்தினாலும் கொஞ்ச நேரம் சுறுசுறுன்னு நிக்குது. லெமன் சோடாவை மட்டும் நம்ம கண்ணு முன்னாடிதான் பிழியறாங்க. சாறு பழசானா ருசி மாறும்ங்கிறது ஒரு காரணம். கலங்கல் சாறு கேஸை விரட்டிடும்ங்கிறது இன்னொரு காரணம்.

அப்போ சாறைத் தெளியவைக்கணும். வெறும் துணியில வடிகட்டினா பத்தாது. பெக்டின்னு ஒண்ணு நுண்ணிய துகள்களை மிதக்கவிட்டுப் பிடிச்சு வச்சிருக்கும். ஆப்பிள் சாறுக்கெல்லாம் என்சைம் போட்டு அதை உடைப்பாங்க. எலுமிச்சையோட புளிப்புல அந்த என்சைம் சரியா வேலை செய்யாது. ஆர்னால்ட் இதுக்குப் பயன்படுத்துறது அகர். அதாவது நம்ம கடல்பாசி. நோன்பு நேரத்துல பரங்கிப்பேட்டை பக்கம் பல வீடுகள்ல பால் ஊத்திச் செய்வாங்களே, அதேதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துல பெண்கள் கடல்ல மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசியில இருந்துதான் இது தயாராகுது. ஃபாரின் சரக்குன்னு தேட வேண்டாம், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். அளவு சரியா இருக்கணும்னா தூளா வாங்குங்க.

செய்முறை. எலுமிச்சைச் சாறு 375 மில்லி, அதுக்குச் சுமார் இருபது பழம் ஆகும். தண்ணி 125 மில்லி. கடல்பாசித் தூள் 1 கிராம். தூளைப் பச்சைத் தண்ணியில கலந்து, கிளறிக்கிட்டே மூணு நாலு நிமிஷம் நல்லா கொதிக்க விடுங்க. சாறைச் சூடு பண்ணவே கூடாது, வாசனை போயிடும். சாதாரண சூட்டுல இருக்கிற சாறைக் கொதிச்ச தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க.

இங்க ஒரு சின்னக் கணக்கு. தண்ணி 95 டிகிரி, சாறு 30 டிகிரின்னா கலவை சுமார் 46 டிகிரிக்கு வரும். கடல்பாசி 35-லிருந்து 40 டிகிரிக்குள்ள உறையும். அதனால கலக்க நேரம் இருக்கு. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த சாறை ஊத்தினா கலவை 30 டிகிரிக்குக் கீழே இறங்கி, அங்கங்க கட்டி தட்டிடும்.

அப்புறம் பாத்திரத்தை ஐஸ் தண்ணிக்குள்ள வச்சு, அரை மணி நேரம் தொடாம விடுங்க. நம்ம வெயில்ல வெளியே வச்சா உறையுமான்னே சந்தேகம். உறைஞ்சதும் இளந்தயிர் பதத்துல இருக்கும். கரண்டியால மெதுவா அங்கங்க வெட்டி, பழைய வேட்டித் துணியில ஊத்தித் தொங்க விடுங்க. அழுத்திப் பிழியக் கூடாது, பாசியும் சேர்ந்து இறங்கிடும். துணுக்கெல்லாம் துணியில தங்கிடும். கீழே வர்றது வெளிர் மஞ்சள்ல, அந்தப் பக்கம் இருக்கிற எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிஞ்ச சாறு. அன்னைக்கே பயன்படுத்திடுங்க.

இதுல சர்க்கரைப் பாகு, உப்பைத் தண்ணியில கரைச்சு அதுல கொஞ்சம், எல்லாம் சேர்த்து நல்லா குளிர வச்சு, குளிர்ந்த சோடாவை ஓரமா சாய்ச்சு ஊத்தினா பொங்கல் ரொம்பக் குறைவு. மூடி வச்ச பாட்டில்ல கேஸ் நிக்கும்.

சோடாவும் வீட்டுலயே போடணும்னா மிஷின் விக்கிறாங்க. தண்ணிக்கு மட்டும்னு அதுல போட்டிருந்தா தண்ணிக்கு மட்டும்தான். தனி சிலிண்டர், ரெகுலேட்டர் வச்சுச் செய்றவங்க மொத்த பானத்தையும் பிளாஸ்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி, மேல இருக்கிற காத்தை அமுக்கி வெளியேத்திட்டுத்தான் கேஸ் விடுவாங்க. காத்து உள்ள இருந்தா திறக்கும்போது அதுவும் குமிழிக்கு இடம் கொடுக்கும். மது கலந்த காக்டெயிலுக்கும் இதே விதிதான். ஒரே வித்தியாசம், ஆல்கஹால்ல கேஸ் இன்னும் அதிகமா கரையும், அதனால நாக்குல அதே சுருக் வரணும்னா இன்னும் கூடுதலா கேஸ் ஏத்தணும்.

இதைக் கவனமா கேளுங்க. டிரை ஐஸை எந்த பாட்டில்லயும் போட்டு மூடாதீங்க, அது வெடிகுண்டு. சாதாரணக் கண்ணாடி பாட்டில்ல கேஸ் ஏத்தாதீங்க. உணவுக்கான சிலிண்டர் தவிர வேற எதையும் தொடாதீங்க. வீட்டுல குழந்தைங்க இருக்காங்க.

இப்போ சித்தப்பாகிட்ட போவோம். ரெண்டு கிளாஸ் போட்டு முன்னாடி வச்சேன். ஒண்ணு வழக்கமானது, ஒண்ணு தெளிஞ்சது. குடிச்சுப் பார்த்துட்டு, "இதுல சுருக்குனு இருக்குடா"ன்னு தெளிஞ்சதைக் காட்டினார். அடுத்து அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கல.

"எல்லாம் சரி. பொங்கலைன்னா சோடா பழசுன்னுதானே ஜனம் நினைக்கும்? பசங்க கடைக்கு வர்றதே அது பொங்குறதைப் பார்க்கத்தான்."

நியாயமான கேள்வி. கேஸ் வெளியே போறது எனக்கு நஷ்டக் கணக்கு. அவருக்கு அதுதான் விளம்பரம். தினமும் கடையில கடல்பாசி காய்ச்சி, ஐஸ்ல வச்சு, வடிகட்டிக்கிட்டு இருக்கிறதும் ஒரு ஆள் நடத்துற கடைக்குக் கட்டுப்படியாகாது. துணியில கொஞ்சம் சாறும் போகுது. கோடையில எலுமிச்சை விக்கிற விலைக்கு அது சும்மா இல்ல.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கடையில நின்னு குடிக்கிறவங்களுக்குப் பழைய மாதிரியே, கடைசியில உப்பு போட்டு, பொங்கப் பொங்க. பார்சல் கேட்டா உப்புக்குப் பதிலா உப்புத்தண்ணி, சாறு டீ வடிகட்டியில ஒரு தடவை, எல்லாம் ஐஸ் பெட்டியில இருந்து. இதுக்குச் செலவே இல்ல, ஆனா வித்தியாசம் நல்லாவே தெரியுது. கல்யாண ஆர்டருக்கு மட்டும் முந்தின நாள் ராத்திரி பாகு, அன்னைக்குக் காலையில தெளிஞ்ச சாறு. சோடாவை உள்ளூர் சோடா கம்பெனியிலேயே கிரேட் கணக்குல வாங்கி, பந்தியில ஊத்திக் கொடுக்கலாம். கேஸ் ஏத்துற வேலையை அது தெரிஞ்சவங்களே பார்க்கட்டும்.

வைகாசியில ஒரு நிச்சயதார்த்தம், எண்பது பேர். அதுக்கு சித்தப்பா அட்வான்ஸ் வாங்கிட்டார். எனக்கு அன்னைக்கு லீவு போடச் சொல்லியிருக்கார், எலுமிச்சை பிழிய ஆள் வேணுமாம்.

நீங்க இந்த வாரம் செய்யக்கூடியது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு கிளாஸ் சோடா எடுத்து, ஒண்ணுல உப்பை அப்படியே போடுங்க, இன்னொண்ணுல கரைச்சு ஊத்துங்க. குடிச்சுப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.