மீனுக்கும் செடிக்கும் ஒரே நீர்

(ஜூஜுவாடியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மீன் வளரும் தொட்டியின் நீரைக் கொண்டே, மண்ணில்லாமல் கீரையும் காய்கறியும் விளைவிக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இதனை அக்வாபோனிக்ஸ் என்பர். இப்பகுதியில் இம்முறைக்கு ஆர்வம் பிறந்திருப்பதன் காரணம் கண்கூடு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஒசூரைச் சுற்றிலும் விளைநிலம் சுருங்கி வருகிறது. ஜூஜுவாடியே இன்று மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதற்கப்பால் பெங்களூர்ச் சந்தை. நிலம் குறைவு, சந்தை அருகில் என்ற நிலையில், சில சென்ட் இடத்தில் மீனும் கீரையும் கிடைக்குமென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசையோடு கடனும் வருகிறது. எனவே, கடன் மனுவுக்குப் பரிந்துரை செய்யும் உறுப்பினர்களும், கடன் வாங்கப்போகும் விவசாயிகளும் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டுகிறேன். இம்முறையில் பணம் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில்தான் வீணாகிறது. தொட்டியின் குறையோ, குஞ்சின் குறையோ அதற்குக் காரணமாவது அரிது. நீர் பக்குவப்படும் முன்பே மீனை விடுவதுதான் காரணம்.

மூன்று உயிர்கள்

இத்தொழிலில் வளர்ப்பவை இரண்டல்ல, மூன்று. மீன், செடி என்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட் ஆக்குகிறது. இந்த நைட்ரேட்தான் செடி உண்ணும் தழைச்சத்து.

சரளைக்கல்லிலும் தொட்டிச் சுவரிலும் இந்நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகுவதற்கு, நீரின் வெப்பம் 25 பாகையளவில் இருந்தால் 3 முதல் 6 வாரங்கள் ஆகும். ஒசூரின் மார்கழிக் குளிரில் இன்னும் நாளாகும். ஆதலால் மீனில்லாமலேயே நீரைப் பழக்குவது நல்லது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேர்த்து, காற்றடிப்பான் ஓட்டி, பரிசோதனைப் பெட்டியால் அளந்து வாருங்கள். முதலில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும்; பின்னர் அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறக்குறைய இல்லை என்று காட்டும் நாளே குஞ்சு விடும் நாள்.

நம் கிணற்று நீரின் குணம்

இனி, கார அமில நிலை. பி.எச். என்னும் எண்ணால் இதனைக் குறிக்கிறோம். ஏழு நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம். நீரில் வளரும் செடி 5.5 முதல் 6.5 வரை விரும்பும். நுண்ணுயிர் ஏழுக்கு மேல் விரும்பும். மீன் 6.5 முதல் 8.5 வரை தாங்கும். மூன்றையும் ஒரே நீரில் வைப்பதால் 6.8 முதல் 7 வரை என்ற நடுவழியே பொருத்தம்.

பாறைப் பாங்கான நம் மாவட்டத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும் காரமாகவும் இருக்கிறது. இதனால் இரு தீமைகள் உண்டு. முதலாவது, அம்மோனியாவின் கொடுமை பெருகுகிறது. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 5 பங்காகும். 9 ஆனால் 36 பங்காகும். இரண்டாவது, இரும்புச் சத்து நீரில் இருந்தும் செடிக்குக் கிட்டாமல் படிந்துவிடும். இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறை என்று அறிக.

பரிகாரம் வானத்திலிருந்து வருகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,500 லிட்டர் மென்னீர் கிடைக்கும். அதனைச் சேமித்துக் கிணற்று நீருடன் கலந்து பயன்படுத்துங்கள். அமிலம் சேர்க்க நேர்ந்தால், தனித் தொட்டியில் கலந்து, நாளைக்குச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். எலுமிச்சைச் சாறு ஊற்றுவது தவறு. அதிலுள்ள அமிலம் நுண்ணுயிருக்குப் பகை.

நோய் மாறும், மருந்தும் மாற வேண்டும்

சில வாரங்கள் கழிந்தபின் நிலைமை தலைகீழாகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை, நீரின் காரத் தாங்குசக்தியைத் தின்றுவிடுகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 கிராம் தீவனம் இட்டால் ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா தழைச்சத்து உண்டாகும். ஒரு கிராமுக்கு 7 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரம் செலவாகும். ஆக நாளைக்கு 21 கிராம். 1,000 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வீதம், இருப்பு 200 கிராம்தான். செடி ஓரளவு திருப்பித் தந்தாலும், இருப்பு விரைவில் கரையும். பிறகு பி.எச். மளமளவென்று இறங்கும், 6-க்குக் கீழே போனால் நுண்ணுயிர் வேலையை நிறுத்தும், அம்மோனியா மீண்டும் தேங்கும்.

முதல் மாதம் காரத்தைக் குறைக்கப் பாடுபட்ட அதே விவசாயி, மூன்றாம் மாதம் காரத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். இதனை அறியாமல் ஒரே மருந்தைத் தொடர்பவர் நஷ்டப்படுவார்.

அமெரிக்க வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்னும் அறிஞர் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு இதற்கு வழி காட்டியது. மீன் தீவனத்தில் செடிக்குப் போதாதவை சுண்ணாம்புச் சத்து, சாம்பல் சத்து, இரும்பு ஆகிய மூன்று. பி.எச். இறங்கும்போது கால்சியம் ஹைடிராக்சைடையும் பொட்டாசியம் ஹைடிராக்சைடையும் மாறிமாறிச் சிறிதளவு சேர்த்தால் காரமும் நிலைக்கும். முதலிரண்டு சத்துக்களும் கிடைக்கும். இவை தோலையும் கண்ணையும் சுடுபவை, கையுறையின்றித் தொடலாகாது. இரும்பைச் செலேட் வடிவில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர் சேர்த்தார். காரம் மிகுந்த நீரில் இ.டி.டி.ஏ. வகை நிலைக்காது, டி.டி.பி.ஏ. அல்லது இ.டி.டி.எச்.ஏ. வகை கேட்டு வாங்குக.

ரோஜாப் பசுமைக் குடில்களால் ஒசூர்க் கடைகளில் நீரில் கரையும் உரங்கள் எளிதில் கிடைக்கின்றன. செடி வெளுத்ததென்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். அது அம்மோனியாவாகி மீனைக் கொல்லும். பூச்சிமருந்துத் தெளிப்பும் வேண்டாம்.

மீனும் செடியும் அளவோடு

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கைந்நூல், ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்று கணக்கிடுகிறது. 100 கிராம் தீவனத்துக்கு 2 சதுர மீட்டர் கீரைப் பாத்தி போதும். தொடக்கத்தில் இதில் பாதியளவே தீவனமிட்டுப் பழகுங்கள். நீரில் பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. மீன் நெருங்கிய தொட்டியில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே மீன் மடியும். மாற்று மின்கலம் இல்லாமல் இத்தொழிலில் இறங்க வேண்டாம்.

ஜிலேபிக் கெண்டையின் இனம் 1952-இல் நம் நாட்டுக்கு வந்து, ஏரி குளங்களில் பெருகி நாட்டு மீன்களை நெருக்கியது. ஆகவே கிஃப்ட் என்னும் மேம்பட்ட திலேப்பியாவை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி பெறவேண்டும். நம் மாவட்டத்துப் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. ஆலோசனைக்கு அங்கே செல்லலாம்.

ஊராட்சியின் கடமை

உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். நீரைப் பரிசோதித்த சீட்டு இல்லாத கடன் மனுவுக்குப் பரிந்துரை செய்யாதீர்கள். தொழிற்சாலைகளின் அருகிலுள்ள கிணறுகளில் உலோகக் கலப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். பெங்களூர்க் கழிவு கலந்து நுரைத்து வரும் தென்பெண்ணை நீர் இதற்கு ஆகாது. மக்கள் அருந்துவதற்காக 2013-இல் வந்த ஒகேனக்கல் நீரை இதற்குத் திருப்புவதும் முறையன்று. அடுத்து, ஊருக்கு ஒரு பரிசோதனைப் பெட்டியைப் பொதுவில் வாங்கி வையுங்கள். கடைசியாக, முதலில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை மட்டும் ஒரு குழுவிடம் ஒப்படைத்து, நாள்தோறும் பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், தீவனம் ஆகியவற்றை நோட்டில் எழுதி வரச் செய்யுங்கள். கோடையும் குளிரும் கண்ட அந்த நோட்டைப் பார்த்தபின் பெரிய தொட்டியைப் பற்றி முடிவு செய்யலாம்.

நல்ல மண்ணும் கிணறும் உள்ளவர் மண்ணிலேயே பயிரிடுவது மேல். இடமில்லாதவருக்கு இம்முறை கை கொடுக்கும். மண்ணின் குணமறிந்து விதைப்பது நம் முன்னோர் வழக்கம். நீரின் குணமறிந்து மீன் விடுவதும் அதே அறிவுதான். ஆறு வாரம் பொறுத்தவருக்குத் தொட்டியும் கைவிடாது, கடனும் சுமையாகாது.