கிருமி செய்து தரும் மருந்து



சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போடுகிறோம். "அது கிருமியில் செய்தது" என்று கேட்டுச் சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். பாலைத் தயிர் ஆக்குவதும் ஒரு கிருமிதான்.

ஒவ்வோர் உயிருக்குள்ளும் மரபணு உண்டு. அது சமையல் குறிப்பு போன்றது. அதன்படியே உடல் புரதம் செய்கிறது.

கடலில் ஒரு வகை ஜெல்லி மீன் பச்சையாக ஒளிரும். அதற்கு ஒரு புரதமே காரணம். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி என்ற விஞ்ஞானி அதன் மரபணுவைக் கிருமிக்குள் வைத்துக் காட்டினார். கிருமியும் பச்சையாக ஒளிர்ந்தது! 2008-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எப்படி வைப்பது? கிருமியையும் மரபணுவையும் கலந்து பனிக்கட்டியில் வைப்பார்கள். பிறகு 42 டிகிரி சூட்டில் சிறிது நேரம். உடனே மீண்டும் பனிக்கட்டி. சில கிருமிகள் மரபணுவை உள்ளே வாங்கிக்கொள்ளும். நீல ஒளி காட்டினால், அவை பச்சையாகத் தெரியும். ஓர் உயிரின் குறிப்பை இன்னோர் உயிர் படிக்கும் என்பதற்கு அந்த ஒளியே சாட்சி.

நம் மும்பையில், கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. அங்கே 1 மில்லிமீட்டர் நீளப் புழுவின் நரம்பில் ஒளிரும் புரதத்தை வைக்கிறார்கள். புழுவை அறுக்காமலே நரம்புக்குள் நடப்பதைப் பார்க்கிறார்கள்.

இன்சுலினும் இப்படித்தான். முன்பு மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் மனித இன்சுலின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்தார்கள். 1982-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது.

ஊசி மருந்தில் கிருமி இல்லை. இன்சுலினை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து தருகிறார்கள். ஆகவே, டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.