கடல் வைரஸ்களும் நம் ஆற்று நீரும்

(கள்ளக்குறிச்சியில் ஊராட்சி உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கடற்கரையில்லாத நம் வட்டாரத்தில் கடல் வைரஸ்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். கல்வராயன் மலையில் பெய்யும் மழைநீர் கோமுகி ஆறாக இறங்கி, மணிமுத்தாற்றில் கலந்து, வெள்ளாற்றைச் சேர்ந்து, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகிறது. ஆகவே, நாம் ஆற்றில் விடுவது கடலுக்கும் போய்ச் சேரும்.

வைரஸ் என்றதும் நோயே நினைவுக்கு வருகிறது. நச்சுயிரி என்றே அதற்குப் பெயரும் இட்டுள்ளோம். எனினும், பருத்திக் காய்ப்புழுவை ஒழிக்க என்.பி.வி. என்னும் வைரஸ் கரைசலை மாலை வேளையில் தெளிக்கும் முறையை உழவர்கள் அறிவர். புழுவுக்குப் பகையான அது பயிருக்கு நட்பாகிறது. கடலிலும் இத்தகைய வைரஸ்கள் உள.

நீர்நிலைகளில் வைரஸ்கள் பெருந்தொகையாக நிறைந்திருப்பதை 1989-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கோடி வைரஸ்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மீனையோ மனிதரையோ தாக்குவதில்லை. பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களையே தாக்குகின்றன. கடல் நுண்ணுயிர்த் தொகுதியில் சுமார் ஐந்திலொரு பங்கு நாள்தோறும் இவற்றால் அழிகிறது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அழிந்த நுண்ணுயிரின் உடல் வெடித்து, அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கலக்கின்றன. அச்சத்துக்களைக் கொண்டு நுண்பாசிகள் வளர்கின்றன. அவற்றை உண்டு சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை உண்டு மீன்களும் வாழ்கின்றன. எருக்குழியில் குப்பை மட்கி உரமாவதை ஒத்த வேலை இது.

ஆயினும், எல்லா வைரஸ்களும் நன்மையே செய்வன அல்ல. 1994-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் கிழக்குக் கரையில் இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியது. அதற்குக் காரணமும் ஒரு வைரஸே. இறால்களை நெருக்கமாக வளர்த்ததாலும், ஒரு பண்ணை வெளியேற்றிய நீரையே அடுத்த பண்ணை இறைத்துக்கொண்டதாலும் நோய் விரைந்து பரவிற்று. நோய் கண்ட குட்டையிலிருந்த இறால்கள் சில நாட்களிலேயே மடிந்தன. இந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் கடன் வாங்கி முதல் போட்டவர்களின் குடும்பத்தைத் தாக்கிற்று. இதைக் குணப்படுத்த இன்றளவும் மருந்தில்லை. நோயற்ற குஞ்சுகளை விடுவதும், கழிவுநீரைத் தூய்மை செய்து வெளியேற்றுவதுமே காப்பு.

ஒருவர் விடும் கழிவுநீர் அடுத்தவருக்கு வரும் நீராகிறது என்னும் பாடம் நமக்கும் உரியதே. கடலில் இயற்கையே அளவறிந்து உரமிடுகிறது. அதன்மேல் நம் வயலின் மிகை உரமும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்தால், நுண்பாசி மிதமிஞ்சிப் பெருகும். அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீன்கள் மாளும். முகத்துவாரத்தில் வலை வீசிப் பிழைப்போருக்கே நட்டம்.

ஆகையால், மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ற அளவில் உரமிடுவோம். வீடுதோறும் உறிஞ்சு குழி அமைப்போம். சாக்கடை எதுவும் ஓடையில் விழாதவாறு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிச் செயற்படுத்துவோம். மேட்டிலிருப்போர் நீரைக் காத்தால்தான் பள்ளத்திலிருப்போர் வாழ்வர்.