குப்பைக்கு ஊர் எல்லை கிடையாது



சென்னையில் தரமணி பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். தெற்கே கொஞ்ச தூரத்தில் பெருங்குடிக் குப்பை மேடு. அதையொட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சென்னை மாநகராட்சி பல வருஷங்களாக அங்கே குப்பை கொட்டி வந்தது. அப்போது பெருங்குடி, மாநகராட்சிக்கு வெளியே இருந்த தனி ஊர். "நம்ம எல்லையைத் தாண்டிப் போச்சு, இனி என்ன கவலை" என்ற நினைப்பு.

2011-இல் மாநகராட்சி எல்லை விரிந்தது. பெருங்குடியும் பள்ளிக்கரணையும் உள்ளே வந்தன. கூடவே குப்பை மேடும் வந்து சேர்ந்தது!

காற்றுப் படாமல் அழுகும் குப்பையில் மீத்தேன் வாயு உண்டாகும். அது சுலபமாகத் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்துச் சில நாட்கள் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டி, சலித்துப் பிரிக்கப் பல கோடி ரூபாய் செலவு. வீட்டு வாசலில் இரண்டு கூடை வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை இது.

"பட்டணத்துச் சங்கதி நமக்கு எதுக்கு?" என்று கேட்கிறீர்களா? நம் பக்கம் மட்டும் என்ன வாழுகிறது? இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் ஓடை இருந்தால், குப்பை அங்கேதான். மழை பெய்தால் பிளாஸ்டிக் பை மதகு வழியாக வயலுக்கு வருகிறது. மேயப் போன மாடு அதைத் தின்றுவிட்டு வயிறு உப்பிப் படுக்கிறது.

ஆகவே, பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் நாலைந்து ஒன்று சேர வேண்டும். சிறிய உள்ளாட்சிகள் கூடிப் பொதுவில் ஏற்பாடு செய்துகொள்ள 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளே வழி சொல்லின. எப்படிச் செய்வது?

முதலாவது, ஈரக் குப்பை ஊரை விட்டுப் போகக் கூடாது. காய்கறித் தோல், மிச்சச் சோறு, இலை தழை இவற்றில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை டிராக்டரில் ஏற்றி டீசலை ஏன் வீணாக்க வேண்டும்? நிழலில் தொட்டி கட்டி, அடுக்கடுக்காகப் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து, வாரம் ஒரு தடவை கிளறி விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். கையில் எடுத்தால் உதிர வேண்டும். மண் வாசனை வர வேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த சருகு சேர்த்துக் கிளறுங்கள்.

இரண்டாவது, பிளாஸ்டிக், அட்டை, தகரம் எல்லாம் பொதுக் கொட்டகைக்குப் போகட்டும். ஓர் ஊர்ச் சரக்கு ஒரு லோடு தேறாது. நாலு ஊர்ச் சரக்கு சேர்ந்தால் வியாபாரி தேடி வருவார். கண்ணாடிச் சில்லு, பாட்டரி, பூச்சிமருந்து டப்பா ஆகியவை தனியாக இருக்க வேண்டும். உரத்தில் ஒரு சில்லு கலந்தாலும் நாற்று நடுகிற பெண்களின் காலில்தானே ஏறும்?

மூன்றாவது, கணக்கு. எந்த ஊர்க் குப்பை எத்தனை கிலோ என்று நிறுத்து நோட்டில் எழுதுங்கள். செலவை வீட்டுக் கணக்குப்படி பங்கு போடுங்கள். கொட்டகைக்கு இடம் கொடுக்கும் ஊருக்கு வருமானத்தில் கூடுதல் பங்கு கொடுங்கள். பிரிக்காத குப்பையை அங்கே இறக்க விடாதீர்கள். இல்லையென்றால் அந்த ஊர் இன்னொரு பெருங்குடியாகிவிடும்.

அடுத்த கிராம சபையில் இதைப் பேசுங்கள். பக்கத்து ஊர்த் தலைவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். ஓடைக்கு இரண்டு கரை இருந்தாலும், அதில் ஓடுகிற தண்ணீர் ஒன்றுதானே!