சுவைஞர் சினம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்து ஆண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் திங்கள் தவறாமல் கூடுவது எளிய செயலன்று. அதனை நெஞ்சார வாழ்த்திவிட்டு நேரே பொருளுக்கு வருகிறேன். 'படைப்பாளியும் சுவைஞரும்' என்னும் தலைப்பினை எனக்குத் தந்திருக்கிறார்கள். தமிழாசிரியை ஆதலின் சிலம்பையோ கம்பனையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சிலம்பு வரும், சற்றுச் சுற்றி வரும். நான் எடுத்துக்கொண்டது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். புருவத்தை உயர்த்த வேண்டா. பாடத்திலுள்ள காப்பியத்தைப் பற்றிக் கேட்டால் உரைநூலின் சொற்களையே திருப்பித் தருகின்ற என் மாணவியர், இத்தொடரின் முடிவைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொந்தச் சொல்லில், காரண காரியத்தோடு, கண்கள் சிவக்கப் பேசினார்கள். அந்தச் சினம் எங்கிருந்து பிறக்கிறது என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இவ்வுரை.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1996 முதல் வெளியிட்டுவரும் நாவல் வரிசை இதன் மூலம். 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே 19 அன்று முடிந்தது; எட்டுப் பருவங்கள், 73 பகுதிகள். டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் ஆக்கியளித்தனர். வெஸ்டெரோஸ் என்றொரு கற்பனைக் கண்டம், ஏழு அரசுகள், அவற்றை ஆளும் ஓர் இரும்பு அரியணை. வடக்கே வானளாவிய பனிச்சுவர். சுவருக்கு அப்பால் இறந்தோரின் படை. கடல் கடந்த நாட்டில், அரியணையை இழந்த குலத்தின் கடைசி மகள் டெனேரிஸ் மூன்று டிராகன்களை வளர்க்கிறாள். அடிமைகளை விடுவித்துக்கொண்டே தாயகம் நோக்கி வருகிறாள். தங்கள் பெண்மக்களுக்கு அவளுடைய பட்டப்பெயரான 'கலீசி' என்பதைச் சூட்டிய பெற்றோர் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருந்தனர் என்றால் அப்பாத்திரம் மக்கள் மனத்தில் பெற்றிருந்த இடம் விளங்கும்.

முடிவுப் பகுதியை ஒளிபரப்பான இரவில் அமெரிக்காவில் 1 கோடியே 93 இலட்சம் பேர் கண்டனர். கடைசிப் பருவத்தைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்னும் விண்ணப்பத்தில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதே ஆண்டில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் அதற்கே கிடைத்தது. விருதுக் குழுவினர் கண்டதும் மக்கள் கண்டதும் ஒரே தொடர்தானா என்று ஐயுறத் தோன்றுகிறது.

இந்தச் சினத்தைப் பற்றி எழுத்தாளர்களிடையே ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. 'சுவைஞர்களுக்கு இனிய முடிவு வேண்டும். தாம் விரும்பிய பாத்திரம் வெல்ல வேண்டும். அது நடவாதபோது குழந்தைகளைப் போல் அழுகிறார்கள்' என்பதே அது. இத்தொடரைப் பொறுத்தவரை இவ்விடை நிற்காது. முதற்பருவத்தின் பத்துப் பகுதிகளுள் ஒன்பதாவதில், கதைத்தலைவன் என்று எல்லாரும் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்பட்டது. 2013இல், மூன்றாம் பருவத்தில், ஒரு திருமண விருந்திலேயே அவன் மகனும் மனைவியும் கருவுற்றிருந்த மருமகளும் கொல்லப்பட்டனர். சுவைஞர் பதறினர், வெகுண்டனர். ஆயினும் தொடரை விட்டு அகலவில்லை. ஏன்? நெட் தன் அருளாலேயே கெட்டான். அரசியின் குற்றத்தை அரசனிடம் சொல்லுமுன், அவள் குழந்தைகள் பிழைக்கட்டும் என்று இரங்கி அவளிடமே சொன்னான். அவன் மகனோ ஒரு குடியினருக்குக் கொடுத்த மணவாக்கை மீறி வேறொருத்தியை மணந்தான். கொடுமை பெரிது, ஆனால் செயலுக்கும் விளைவுக்கும் இடையே ஓர் இழை ஓடிற்று. இத்தகைய சாவுகளைத் தாங்கிய மக்களை இனிப்புக் கேட்கும் குழந்தைகள் என்று எவ்வாறு சொல்வது? எட்டு ஆண்டுகள் அந்த இழையைப் பற்றிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அது அறுந்த இடம் அவர்களுடைய கைக்குத் தெரிந்தது.

எங்கே அறுந்தது? ஜெய்மி என்னும் வீரனை எடுத்துக்கொள்வோம். தான் காக்க வேண்டிய அரசனைத் தானே குத்திக் கொன்ற 'அரசக்கொலைஞன்' என்று உலகம் அவனை இகழ்கிறது. மூன்றாம் பருவத்தில், வாள் பிடித்த வலக்கையை இழந்த நிலையில், குளிக்கும் தொட்டியில் அமர்ந்து, பிரியென் என்னும் வீரமகளிடம் அவன் உண்மையைச் சொல்கிறான். பித்துற்ற அரசன் நகரம் முழுவதையும் எரிக்க ஆணையிட்டான். அந்த இலட்சக்கணக்கான உயிர்களைக் காக்கவே தான் கொன்றதாகச் சொல்கிறான். அந்த ஒரு காட்சியால் அவனைப் பற்றிய நம் எண்ணமே புரண்டுவிடுகிறது. கடைசிப் பருவத்தின் ஐந்தாம் பகுதியில், அதே நகரம் மீண்டும் தீயின் வாயில் நிற்கும்போது, அம்மக்களுக்காகவேனும் இணங்குமாறு தம்பி மன்றாட, மக்களைப் பற்றித் தான் என்றுமே பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்கிறான் ஜெய்மி. தீய அரசியான தன் உடன்பிறந்தாளிடமே அவன் திரும்பிச் சென்று மடிவது எனக்கு உடன்பாடே; பழைய பற்று வெல்வது மனித இயல்பு. ஆனால் அந்த விடை அவனுடையதன்று. குளியல் தொட்டியில் பேசியவனை மறந்துவிட்ட ஒருவர் எழுதிக்கொடுத்த விடை அது. மாணவி ஒருத்தி, 'அம்மா, இவர்கள் தங்கள் கதையைத் தாங்களே பார்க்கவில்லை போலும்' என்றாள். அதனினும் சுருக்கமாக என்னால் சொல்ல இயலாது.

மறதியைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. நான்காம் பகுதியில் டெனேரிஸின் டிராகன் ஒன்று, மறைந்திருந்த பகைவரின் கப்பற்படையால் வீழ்த்தப்படுகிறது. வானிலிருந்து வருபவள் கடலில் நிற்கும் கப்பல்களைக் காணாதது எவ்வாறு? அவள் அப்படையை ஒருவாறு மறந்துவிட்டாள் என்று தொடரை ஆக்கியோருள் ஒருவரே விளக்கம் தந்தார். அவ்விளக்கம் சுவைஞரிடையே ஏளனப் பழமொழியாகவே வழங்கலாயிற்று. மற்றக் குறைகளை நான் பெரிதாக எண்ணவில்லை. 55 இரவுகள் படமாக்கிய போர் திரையில் ஒன்றும் தெரியாதபடி இருண்டிருந்தது என்பதும், இடைக்கால விருந்து மேசையில் இக்காலத்துக் காப்பிக் குவளை ஒன்று நின்றது என்பதும் சிரித்துவிட்டுப் போகத்தக்கவை.

இனி டெனேரிஸ். ஐந்தாம் பகுதியில் அவள் தலைநகரை வென்றுவிடுகிறாள். பகைவர் வாட்களைக் கீழே போடுகின்றனர். அடிபணிந்தோம் என்று நகரத்து மணிகள் ஒலிக்கின்றன. மதில்மேல் டிராகனின் முதுகில் அமர்ந்திருக்கும் அவள் முகம் சிறிது நேரம் காட்டப்படுகிறது, மூச்சு வாங்குகிறது, கண் கலங்குகிறது. அடுத்த நொடி அவள் பறந்து சென்று தெருத்தெருவாகப் பொதுமக்களை எரிக்கிறாள்.

அவளுக்குச் சினம் கொள்ளக் காரணம் இல்லையா? உண்டு. தொல்காப்பியர் வெகுளிக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: உறுப்பினை அறுத்தல், குடிமக்களை நலிதல், அலைத்தல், கொல்லுதல். அவள் உயிர்த்தோழியைச் சங்கிலியில் பிணைத்து அவள் கண்ணெதிரே தலையை வெட்டினார்கள்; பிள்ளைகளாக வளர்த்த டிராகன்களுள் இரண்டைக் கொன்றார்கள். வெகுளி முற்றும் முறையானதே. முன்பும் அவள் எரித்ததுண்டு, அறைந்து கொன்றதுண்டு என்று தொடரின் பக்கம் நின்று வாதிடுவோர் சொல்வதும் மெய்யே. ஆனால் அவள் எரித்தவர்கள் அடிமை வணிகர். தன்முன் மண்டியிட மறுத்த பிரபுக்கள். எளியவர்களையோ அவள் மார்போடு அணைத்தாள். அவர்கள் அவளைத் தாய் என்றே அழைத்தார்கள். அரண்மனையில் இருக்கும் பகையரசியை விட்டுவிட்டு, தெருவில் ஓடும் தாயையும் மகளையும் நோக்கி அந்தச் சினம் ஏன் திரும்பிற்று? விறகு அடுக்கப்பட்டிருந்தது, தீக்குச்சியை உரசிய கை எது என்று காட்டப்படவில்லை.

கூர்ந்து நோக்குவோர் மற்றொன்றையும் காண்பர். தீ தொடங்கியபின் அந்தப் பகுதி முழுவதும் அவள் முகம் மீண்டும் காட்டப்படவே இல்லை. மேலே பறக்கும் டிராகனின் நிழலாக மட்டும் ஆகிவிடுகிறாள். கதை அவளைக் கைவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டது. மூல நாவல்களில் ஒவ்வோர் இயலும் ஒரு பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து நடக்கும். இயலின் தலைப்பும் பெரும்பாலும் அப்பாத்திரத்தின் பெயரே. அத்தகைய கதையில், எந்தக் கணத்தில் அவள் உள்ளத்துக்குள் நாம் இருந்தே ஆக வேண்டுமோ அந்தக் கணத்தில் கதவு சாத்தப்பட்டது.

நகரை எரித்த மற்றொரு பெண் நமக்கு உண்டு. புகாரில் அதிர்ந்து பேசாத கண்ணகி மதுரையை எரிப்பவளாக மாறுவது டெனேரிஸின் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம். ஆயினும் 'இவள் இவ்வாறு செய்வாளா' என்று எவரும் இளங்கோவைக் கேட்டதாக நான் அறியேன். கேளாமைக்குக் காரணம், அடிகள் ஒரு படியையும் தாண்டவில்லை. கணவன் இறந்த செய்தி கேட்கிறாள், கதிரவனை நோக்கி வினவுகிறாள், ஒற்றைச் சிலம்புடன் தெருவில் நடக்கிறாள், வெட்டுண்ட உடலைத் தழுவுகிறாள், அரசவையில் வழக்குரைக்கிறாள், முத்தா மாணிக்கமா என்று சிலம்பு உடைகிறது, மன்னன் மடிகிறான். அதன் பின்னரே தீ. அத்தீயிலும் அந்தணரையும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு பணிக்கிறாள். எரிக்கும்போதும் அவள் கண்ணகியாகவே இருக்கிறாள். ஊழ் அங்கே வலிது. ஆனால் பொற்கொல்லனின் பொய்யையும் பாண்டியனின் பதற்றத்தையும் அடிகள் ஊழின்மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடவில்லை.

தொடரிலோ ஊழின் இடத்தில் குருதி நிற்கிறது. அவள் குலத்தில் குழந்தை பிறக்கும்போது தெய்வங்கள் நாணயம் சுண்டுவதாகவும், மேன்மை, பித்து இரண்டில் ஒன்று விழுவதாகவும் அக்கதையுலகில் ஒரு வழக்குண்டு. தந்தை பித்தன், ஆகவே மகளும் என்று முடிக்கத் தொடர் விரைந்தது. பெண்ணாக நான் இதனைப் பேசாமல் கடக்க இயலாது. ஓர் ஆடவனின் சினத்துக்குக் காரணம் தேடும் கதையாசிரியர்கள், பெண்ணின் சினத்துக்கு நோயைத் தேடுகிறார்கள். கடைசிப் பருவத்தின் ஆறு பகுதிகளையும் எழுதிய நால்வரும் ஆடவர் என்பதைக் குற்றச்சாட்டாக அன்று, செய்தியாகச் சொல்கிறேன்.

ஆறாம் பருவத்தை ஒட்டித் தொடர் நூல்களைத் தாண்டிவிட்டது. முதன்மையான முடிவுகளை மார்ட்டின் முன்னரே சொல்லியிருந்தார். சேருமிடம் தெரிந்திருந்தது, வழி தெரியவில்லை. நிறுவனம் மேலும் பகுதிகள் தர விரும்பியும், ஆக்கியோர் கடைசி இரு பருவங்களையும் 13 பகுதிகளில் முடித்துக்கொண்டனர். பத்துப் பகுதிகளில் கனிய வேண்டியதை இரண்டில் பழுக்க வைத்தால் வெம்பத்தானே செய்யும்?

சுவைஞர் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. விண்ணப்பம் எழுதிக் கதையை மாற்றக் கேட்பது எனக்கு உடன்பாடன்று. கவிதை ஒப்பமிட்டு இயற்றப்படுவதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் அருவியில் தள்ளிய கோனன் டாயில், வாசகர் வற்புறுத்தலுக்குப்பின் 1903இல் அவனை உயிர்ப்பித்தார். அதனால் இலக்கியம் வளர்ந்ததா என்பது வழக்கு. நம் கல்கி வேறு வழி கண்டார். 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது நிறைவுறாத வாசகர்க்கு முடிவுரை ஒன்று எழுதி, ஐயங்களை மதித்து விடையிறுத்தார். கதையில் கை வைக்கவில்லை.

மார்ட்டினே பின்னர் சுவைஞர் வரிசையில் வந்து நின்றார். அவருடைய மற்றொரு நூலைத் தழுவி 2022இல் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரில் ஓர் இளவரசக் குழந்தையை நீக்கிவிட்டனர். குழந்தை பேசுவதில்லை, போரிடுவதில்லை; நீக்கினால் என்ன என்று எண்ணியிருக்கலாம். 2024 செப்டம்பரில் அவர் வெளிப்படையாகவே முறையிட்டு எழுதினார். அக்குழந்தையின் சாவுதான் பின்னொரு நாள் அரசி ஒருத்தி தன்னை மாய்த்துக்கொள்ளக் காரணம். குழந்தை இல்லையேல் அந்தச் சாவுக்குக் காரணம் இல்லை என்பது அவர் வாதம். சிறிது நேரத்தில் அவ்வெழுத்து நீக்கப்பட்டுவிட்டது. என் மாணவியர் 2019இல் சொன்னதும் இதுவே.

நம் வட்டத்துக் கூட்டங்களில், புதிதாக வந்த ஒருவர் எழுந்து 'இந்தக் கவிதையின் கடைசி அடி எனக்கு ஒட்டவில்லை' என்றால், 'உமக்குப் பயிற்சி போதாது' என்று நாம் அமர்த்திவிடுவதுண்டு. முந்தைய அடிகளை அவர் எப்படிப் படித்தார் என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். சிலபோது நம்மினும் நன்றாகவே படித்திருப்பார்.

மார்ட்டினின் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாவதற்கு வாசகர் காத்திருக்கிறார்கள். மணி ஒலித்த பின்னும் டெனேரிஸ் எரிப்பாளாயின், அந்நூலில் அவள் உள்ளத்துக்குள்ளிருந்தே அதனைக் காண்போம் என்பது அவர்கள் நம்பிக்கை.