கசப்பை மறைக்கும் கலை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோயுற்ற குழந்தைக்கு மருந்து புகட்டுதல் எத்துணை அரிது என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். ஊட்டியதில் பாதி சேலையில் சிந்திவிடும். உட்சென்ற அளவை மருத்துவரும் அறியார். அளவு குறைந்தால் நோய் தணிவதெங்ஙனம்?

நாவின் மீது குற்றமில்லை. நஞ்சுகள் பல கசப்பன. ஆதலின் கசப்பை அறியவே ஏறத்தாழ 25 வகை உணர்விகளை இயற்கை நமக்களித்துள்ளது. ஆயினும் கரைந்த பொருளையே நா சுவைக்கும், கரையாததை அறியாது. இவ்வுண்மையே மருந்தாக்க அறிஞர்க்குத் துணையாயிற்று.

நீரின்றி வாயிலேயே கரையும் மாத்திரைகள் இந்நாளில் வழக்கில் உள்ளன. விழுங்க இயலாத முதியோர்க்கும் குழந்தைகட்கும் அவை பேருதவி. 3 நிமிடத்திற்குள் அவை உதிர வேண்டுமென்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. பழைய மாத்திரைக்கு மேலே சர்க்கரைப் பூச்சு போதும். வாயில் உதிர்வதற்கோ அது போதாது. மருந்தின் துகள் ஒவ்வொன்றையும் மறைத்தல் வேண்டும்.

அதற்கு வழிகள் சில. உமிழ்நீரில் கரையாது, இரைப்பையின் அமிலத்தில் மட்டும் கரையும் பூச்சைத் துகள்களுக்கு இடுவது ஒன்று. அயனி மாற்றுப் பிசினோடு மருந்தைப் பிணைப்பது மற்றொன்று. இரைப்பை அமிலம் அப்பிணைப்பை அவிழ்த்துவிடும். மாவுப்பொருளிலிருந்து ஆக்கப்படும் சைக்ளோடெக்ஸ்ட்ரினின் குழிக்குள் மருந்தை ஒளிப்பது மூன்றாவது. மாம்பழத் துண்டில் மாத்திரையை மறைத்துத் தரும் சித்தூர்ப் பாட்டியாரின் உபாயமும் இவ்வினத்ததே!

ஆனால் மறைப்பு மிகுந்தால் மருந்து உரிய வேளையில் வெளிப்படாது. குறைந்தால் கசப்பு எட்டிப் பார்க்கும். இரண்டிற்கும் இடையே நிறுத்துவதே அறிவின் திறம்.

2022இல் தனித்தனி மாவட்டங்களான சித்தூரிலும் திருப்பதியிலும் மருந்தாக்கக் கல்வி நடைபெறுகிறது. 1983இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் அத்துறை உண்டு. நம் பெண்மக்கள் இதனைக் கற்க முன்வருதல் வேண்டும்.

தாய்மார்கட்கு மூன்று சொற்கள். இம்மாத்திரை ஈரத்தில் கெடும். உண்ணும்போதே உறையைப் பிரியுங்கள். மெல்ல விடாதீர்கள், பூச்சு உடைந்தால் கசப்பு வெளிப்படும். யாவற்றினும் மேலாக, அதனை மிட்டாய் என்று சொல்லிக் கொடாதீர்கள். கசப்பு நீங்கினாலும் மருந்து மருந்தே. குழந்தையைக் காத்துவந்த கசப்பின் காவலை நாம் எடுத்துவிட்டோம். இனி அக்காவல் நம்முடையது. எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.