மணலிலும் மருத்துவமனையிலும் கதிர்வீச்சு



மின்சாரம் எட்டாத காலத்தில் கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும் பெட்ரோமாக்ஸ் விளக்குதான் இரவைப் பகலாக்கியது. அந்த விளக்கினுள் தொங்கும் சின்ன வலைப் பைக்கு மேண்டில் என்று பெயர். புதிதாகக் கட்டும்போது அது மெத்தென்ற துணியாக இருக்கும். ஒருமுறை பற்றவைத்துவிட்டால் துணி கருகி, வெண்சாம்பல் கூடு மட்டும் மிஞ்சும். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். கண்ணைக் கூசவைக்கும் அந்த வெளிச்சத்தைத் தந்தது அந்தச் சாம்பல் கூடுதான். அதில் பெரும்பகுதி தோரியம் ஆக்ஸைடு. தோரியமோ இயற்கையிலேயே கதிர்வீச்சை உமிழும் உலோகம்.

அந்தத் தோரியத்தின் கதை கன்னியாகுமரி மாவட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டறிந்தார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைச் சேர்ந்தது. விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மோனசைட்டில் தோரியம் உண்டு. ஆகவே, உலகின் கண் அந்தக் கரைமேல் விழுந்தது. இன்றும் மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் கனிம மணலைப் பிரித்தெடுத்து வருகிறது. கரையோடு வடக்கே போனால் கேரளத்தின் சவரா, நீண்டகரை ஊர்களிலும் இதே மணல்தான்.

அந்த மணல்மேல் வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் உடல்நிலை என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேட, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளி வட்டாரத்தில் ஒரு நீண்ட ஆய்வை நடத்தியது. வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்தார்கள். ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு மிகுந்த வீடுகளில் புற்றுநோயும் மிகுந்திருக்கிறதா என்று கணக்கிட்டபோது, அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. 2009இல் இந்த முடிவு வெளியானது. இதை வைத்துக் கதிர்வீச்சால் கெடுதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் படும் கதிர்வீச்சும், ஒரே நொடியில் மொத்தமாகத் தாக்கும் கதிர்வீச்சும் உடலை ஒரே விதமாகப் பாதிக்காமல் இருக்கலாம் என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். இடத்துக்கு இடம் அளவு மாறினாலும், உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். விண்வெளியிலிருந்து கொஞ்சம், மண்ணிலும் பாறையிலும் இருந்து கொஞ்சம், சாப்பாட்டிலிருந்து கொஞ்சம் வருகிறது. வாழைப்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்டது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியமும் அப்படியே. பழத்தைத் தவிர்த்துப் பயனில்லை. உடம்பு தனக்குத் தேவையான பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும்.

அந்த 2.4இல் ஏறக்குறைய பாதி ஒரே பொருளிலிருந்து வருகிறது. அது ரேடான். நிறமோ மணமோ இல்லாத வாயு. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடானாக மாறி, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் கசிகிறது.

வீட்டுக்குள் அதனால் வரும் ஆபத்து பரவலாகத் தெரியவந்தது ஒரு விசித்திர நிகழ்ச்சியால். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1984 டிசம்பரில், லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சுச் சோதனைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. அந்த நிலையமோ அப்போது மின் உற்பத்தியே தொடங்கியிருக்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்கள் கடைசியில் அவருடைய வீட்டுக்குப் போனார்கள். வீடு முழுக்க ரேடான். குடும்பமே வீட்டைக் காலி செய்தது. தரைக்கடியில் குழாய் பதித்து வாயுவை வெளியேற்றிய பிறகுதான் திரும்ப முடிந்தது. இன்று நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. புகைபிடிக்காதவரைவிடப் புகைபிடிப்பவருக்கு ரேடானால் வரும் ஆபத்து 25 மடங்கு என்றும் மதிப்பிடுகிறது. குளிர்நாடுகளில் ஜன்னலை அடைத்தே வைத்திருப்பதால் ரேடான் உள்ளேயே தங்குகிறது. காற்றோட்டமான வீட்டில் அது தங்காது. நாள் முழுக்க ஏசி ஓடும் அறையாக இருந்தாலும் காலையிலும் மாலையிலும் ஜன்னலைத் திறந்துவைப்பது நல்லது.

கதிர்வீச்சு என்றதும் செல்போன் கோபுரத்தைப் பற்றிய பயமும் ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆனால், இதுவரை பார்த்த கதிர்வீச்சிலிருந்து செல்போன் அலைகள் வேறு வகை. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்து மரபணுவை உடைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. 2011இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ‘ஒருவேளை புற்றுநோய்க் காரணியாக இருக்கலாம்’ என்ற பட்டியலில் அவற்றைச் சேர்த்தது உண்மை. அதன் பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான பரிசீலனை, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. கோபுரங்களுக்கு இந்தியா 2012இல் விதித்த வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான்.

உண்மையில் பயப்பட வேண்டிய பொருள் பழைய இரும்புக் கடைக்கே வந்துவிடுவது உண்டு. டெல்லி மாயாபுரியில் 2010 ஏப்ரலில் அதுதான் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஓர் ஆய்வுக் கருவி ஏலத்தில் போனது. அதனுள் கதிர்வீச்சை உமிழும் கோபால்ட் 60 இருப்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. வழக்கம்போல உடைத்துப் பிரித்தார்கள். தொட்டவர்களுக்குத் தோல் கருகியது, முடி கொட்டியது. பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஒரு தொழிலாளி உயிரிழந்தார். காயலான் கடையில் வேலை செய்பவர்கள் ஓர் அடையாளத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று இறக்கைகள். பெரும்பாலும் மஞ்சள் பின்னணியில் இருக்கும். கனத்த ஈயக் கூட்டில் அந்த அடையாளம் தெரிந்தால் தொடாமல் விலகிப்போய், உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

சாதாரண மனிதரின் வாழ்க்கையில் கதிர்வீச்சு மிகுதியாகச் சேரக்கூடிய இடம் மருத்துவமனை. அங்கேதான் நாம் கேள்வி கேட்கவும் முடியும், குறைக்கவும் முடியும்.

எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறது. படம் எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அழுத்துகிறார். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பொதுவாகப் போகாது. ஏறக்குறைய இரண்டு வாரம் சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து கிடைக்கும் அளவு அது. சி.டி. ஸ்கேன் கணக்கே வேறு. தலைக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட், வயிற்றுக்கு 8 முதல் 10 வரை. வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தால், மூன்று நான்கு ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சு சில நொடிகளில் சேர்ந்துவிடுகிறது. கர்ப்பிணிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும், குடைந்த குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இந்தக் கதிர்வீச்சு துளியும் கிடையாது.

10 மில்லிசீவர்ட்டால் என்ன ஆகும்? ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களை 1950 முதல் கவனித்து வந்ததில், 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் புற்றுநோய் கூடுவது தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும் என்று வைத்துக்கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்படுகின்றன. அந்தக் கணக்குப்படி, 10 மில்லிசீவர்ட் பெறும் 2,000 பேரில் ஒருவருக்கு உயிர்குடிக்கும் புற்றுநோய் கூடுதலாக வரக்கூடும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரிட்டனில் சிறுவயதில் சி.டி. எடுத்த சுமார் 1,80,000 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு, குழந்தைகளுக்கு ஆபத்து இருப்பதைக் காட்டியது. பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் கூடுதலாக வரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஆகவே, சி.டி. எழுதிக் கொடுத்தால் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்: “இதை அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க முடியாதா டாக்டர்? போன மாதம் எடுத்தது கையில் இருக்கிறது, அது போதாதா?” பழைய ஃபிலிம், குறுந்தட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தால், ஆஸ்பத்திரி மாறும்போது மறுபடி எடுக்க வேண்டிய அவசியம் வராது. நாள் தள்ளிப்போயிருக்கும் பெண்கள் அறைக்குள் போகுமுன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே நிற்கும் அம்மாவோ அப்பாவோ ஈய அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்பது உரிமை. அவசரத்தில் மறுப்பது ஆபத்து. ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். உறைவென்றால் அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கசிவென்றால் அதே மருந்து உயிரைப் பறிக்கும். இரண்டையும் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டுவது அந்த 2 மில்லிசீவர்ட் தலை சி.டி.தான். அங்கே ஒரு நிமிடமும் யோசிக்காமல் நோயாளியை ஸ்கேன் அறைக்கு அனுப்புங்கள்.